நாயோடு தனியாகக் கிழக்குக் கடற்கரைச் சாலையில்

படகுச் சவாரி, சரணாலய நடை, தீவுப் பயணம் எல்லாவற்றையும் முதலிலேயே அடித்துவிட்டுத் திட்டம் போட ஆரம்பியுங்கள். சென்னையிலிருந்து தனுஷ்கோடி வரை கடற்கரையில் பேர்பெற்ற இடங்கள் பெரும்பாலும் அந்த வகைதான். பிச்சாவரத்தின் அலையாத்திக் காட்டைப் படகில் ஏறித்தான் பார்க்க வேண்டும். கோடியக்கரையில் வெளிமான் மேய்வதைப் பார்க்கச் சரணாலயத்துக்குள் போயாக வேண்டும். மன்னார் வளைகுடாத் தீவுகள் 1986இலிருந்தே கடல்சார் தேசியப் பூங்கா. இவற்றில் எதிலும் நாய்க்கு இடமில்லை, இருக்கவும் கூடாது.

இருவராகப் போனால் ஒருவர் நாயோடு டீக்கடை நிழலில் உட்கார, மற்றவர் போய்வரலாம். தனியாகப் போகிறவருக்கு அந்த வழி கிடையாது. காரில் விட்டுவிட்டுப் போவது என்பது பேச்சுக்கே இடமில்லாத விஷயம். வெளியே 24 டிகிரி இருக்கும் இதமான நாளிலேயே மூடிய காருக்குள் பத்து நிமிடத்தில் 34 டிகிரிக்கு ஏறிவிடும். நம் கடற்கரையில் ஜனவரி மாதத்து நண்பகலே அதைவிடச் சூடு. கண்ணாடியை இரண்டு விரல் இறக்கிவைப்பதால் ஒன்றும் ஆகாது. கடையில் தெரிந்த முகம் போல இருப்பவரிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு ஒரு மணி நேரம் படகில் போவதும் சரியில்லை. புது ஊரில், உங்களைக் காணாத நாய் எதைச் செய்யும் என்று உங்களுக்கே தெரியாது.

ஆகவே இந்த அதிகாரம் ஒரே ஒரு கேள்வியைச் சுற்றித்தான்: வண்டியை விட்டு நூறு அடிக்கு மேல் போகாமல், நாயைக் கையிலேயே வைத்துக்கொண்டு, எவ்வளவு பார்க்கலாம்? நிறையப் பார்க்கலாம். கிழக்குக் கடற்கரைச் சாலை கழிமுகங்களைத் தாண்டித் தாண்டிப் போகிற சாலை. உப்பங்கழியும் உப்பளமும் சேற்றுத் திடலும் சாலையோரத்திலேயே கிடக்கின்றன. கூட்டத்தோடு படகில் போனவர் பார்க்காததை, காருக்குள் சும்மா உட்கார்ந்திருப்பவர் பார்த்துவிடுவார்.

எப்போது

பொங்கல் முடிந்ததிலிருந்து மாசி முடியும்வரை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், கழிகளில் தண்ணீர் நின்றிருக்கும், வடக்கேயிருந்து வலசை வந்த பறவைகள் இன்னும் திரும்பியிருக்காது. பங்குனி பிறந்துவிட்டால் மணல் நாயின் பாதத்தைச் சுடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை புயல் காலம். பறவை அதிகம் என்றாலும் தனியாக ஒரு நாயை வைத்துக்கொண்டு அந்த மழையில் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

இந்த இரண்டு மாதத்துக்குள்ளும் தவிர்க்க வேண்டிய நாட்கள் உண்டு. காணும் பொங்கலன்று சென்னையிலிருந்து மாமல்லபுரம் வரை சாலை நகராது. தை அமாவாசைக்கு ராமேஸ்வரமும் வேதாரண்யமும் நிரம்பி வழியும். மாசி மகத்தன்று கடற்கரை நெடுக சாமிகள் தீர்த்தவாரிக்கு வரும். மேளமும் வெடியும் சேர்ந்தால் அடங்கிய நாய்கூடக் கழுத்துப்பட்டையை உருவிக்கொண்டு ஓடும். பஞ்சாங்கத்தைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். வானிலை அறிக்கையைவிட இதில் அது உதவும்.

இதே மாதங்களில்தான் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறுகின்றன. இதைத் தனியாகப் பிறகு சொல்கிறேன். நாயோடு போகிறவர் மாற்றிக்கொள்ள வேண்டிய பெரிய பழக்கம் இதனால்தான் வருகிறது.

எந்த நாய்

பக் போன்ற தட்டை மூக்கு நாய்களுக்கு இந்தப் பயணம் ஆகாது. மூச்சிரைத்துத்தான் நாய் உடம்புச் சூட்டை இறக்குகிறது. அந்த மூக்குக்கு அது முடியாது. அடர்ந்த ரோமமுள்ள சீமை நாய்களும் வேண்டாம். நாட்டு நாய்தான் இந்த வெயிலுக்குப் பொருத்தம். என்னோடு வரும் செம்பி தெருவில் பிறந்தவள். நண்பகலில் எங்கே நிழல் விழும் என்பது எனக்கு முன்னால் அவளுக்குத் தெரியும்.

சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. இவை கண்ணால் கண்டதும் பாயும் வேட்டைச் சாதி. முயலைத் துரத்தக் கற்றுக்கொடுக்கத் தேவையில்லை, துரத்தாமல் இருக்கக் கற்றுக்கொடுப்பதுதான் பாடு. உங்கள் நாய் ஒரு முயலைப் பிடித்தால் வனத்துறை அதை வேட்டையாகத்தான் பார்க்கும். 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வளர்ப்பு நாய் என்று விலக்குத் தருவதில்லை. இந்த நாய்களுக்குத் தலையும் கழுத்தும் ஏறக்குறைய ஒரே பருமன் என்பதால் சாதாரணக் கழுத்துப்பட்டை எளிதில் கழன்றுவிடும். மார்பைச் சுற்றிய ஹார்னஸில் ஒரு கொக்கி, கழுத்துப்பட்டையில் ஒரு கொக்கி என இரண்டு இடத்தில் மாட்டுங்கள். நீண்டு சுருங்கும் சுருள் கயிறு வேண்டாம். ஆறடி நாடாக் கயிறு போதும்.

புறப்படும் முன் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் டிஸ்டம்பர், பார்வோ அடங்கிய கூட்டுத் தடுப்பூசியும் போட்டிருக்க வேண்டும். இது உங்கள் நாய்க்காக மட்டும் சொல்வதில்லை. டிஸ்டம்பர் கிருமி நரிக்கும் தொற்றும். கோடியக்கரைப் பக்கம் நரிகள் உலவும் புதர்களை ஒட்டித் தடுப்பூசி போடாத நாயைக் கொண்டுபோவது அவற்றுக்கு நோயைக் கொண்டுபோவதுதான். உண்ணிக்கான மாத்திரையைக் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே கொடுத்துவிடுங்கள். தடுப்பூசி அட்டையைப் படம் எடுத்துக் கைபேசியில் வையுங்கள், அசலை வண்டியில் வையுங்கள். விடுதிக்காரர் கேட்கும் முதல் காகிதம் அதுதான்.

பயிற்சி என்று ஒன்றே ஒன்று வேண்டும். காருக்குள் குரைக்காமல் கிடப்பது. வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கரையில் விடியற்காலை வண்டியை நிறுத்தி, கண்ணாடியைப் பாதி இறக்கி, அரை மணி நேரம் உட்காருங்கள். கொக்கு வந்தாலும் ஆடு வந்தாலும் நாய் படுத்தே இருக்கும் நிலை வரும்வரை இதைத் திரும்பத் திரும்பச் செய்யுங்கள். அது வராவிட்டால் வேறு பயணம் போகலாம். பறவை பார்க்கும் பயணம் அல்ல.

வண்டிதான் மறைவிடம்

கழியில் இரை தேடும் பறவைக்கு மனிதன் எட்ட வந்தாலே பயம். மனிதனோடு நாயும் நடந்து வந்தால் இன்னும் தூரத்திலேயே எழுந்துவிடும். ஒருதரம் எழுந்தால் என்ன என்று தோன்றும். சைபீரியப் பக்கத்திலிருந்து வந்த உள்ளான் அடுத்த பயணத்துக்குக் கொழுப்புச் சேர்க்கவே இந்தச் சேற்றைக் கிளறிக்கொண்டிருக்கிறது. ஒவ்வொரு முறை விரட்டப்படும்போதும் தின்றதை எரிக்கிறது. மதியம்வரை பத்துப் பேர் பத்து முறை கலைத்தால் அதற்கு அன்றைய கூலி நட்டம்.

நிறுத்திய காரை அதே பறவை பொருட்படுத்துவதில்லை. இதுதான் உங்கள் மூலதனம். சாலையை விட்டு முழுதாக இறங்கி, இடம் உறுதியானது என்று பார்த்து நிறுத்துங்கள். கழியோரத்து மண் மேலே காய்ந்து உள்ளே களியாக இருக்கும், சக்கரம் இறங்கினால் தூக்கிவிட ஆள் தேட வேண்டியிருக்கும். இன்ஜினை அணையுங்கள். பறவை இருக்கும் பக்கத்துக் கண்ணாடியில் ஒரு கறுப்புத் துணியைப் பாதிவரை தொங்கவிடுங்கள். நாய் பின் இருக்கையில், ஹார்னஸை இருக்கைப் பட்டையோடு மாட்டிய நிலையில், தலை ஜன்னலுக்குக் கீழே இருக்க வேண்டும். பிறகு கால் மணி நேரம் எதையும் தேடாதீர்கள். நீங்கள் வந்தபோது நகர்ந்துபோன கூட்டம் மேய்ந்துகொண்டே பக்கத்தில் வரும்.

8x42 இருநோக்கி போதுமானது. ஜன்னல் விளிம்பில் ஒரு சிறு துணிப்பையில் அரிசி போட்டு வைத்து அதன்மேல் இருநோக்கியை ஊன்றினால் கை நடுங்காது. கடைசி நாள் அந்த அரிசியையே நாய்க்கு வடித்துப் போடலாம்.

வெளிச்சத்தைக் கவனியுங்கள். தெற்கு நோக்கிப் போகும் இந்தச் சாலையில் கடல் இடப்பக்கம், உப்பங்கழிகள் பெரும்பாலும் வலப்பக்கம், அதாவது மேற்கே. காலையில் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னாலிருந்து கழியின்மேல் அடிக்கும்; இறகின் நிறம் அப்படியே தெரியும். மாலையில் எல்லாப் பறவையும் கருநிழல்தான். இன்ஜினை அணைத்தால் குளிர்சாதனம் ஓடாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஆக, பறவைக்கு உகந்த நேரம், வெளிச்சம் நல்ல நேரம், நாய்க்குத் தாங்கும் நேரம் மூன்றும் ஆறு மணிக்கும் எட்டரைக்கும் இடையில்தான் விழுகின்றன. அதைக் காலைச் சாப்பாட்டில் செலவழிக்க வேண்டாம்.

சாலையிலிருந்தே

மாமல்லபுரத்துக்கு முன்னால் முட்டுக்காட்டையும் கோவளத்துக் கழியையும் வேகமாகக் கடந்துவிடுங்கள். பறவை உண்டு, ஆனால் வண்டியை நிறுத்த இடமில்லை, ஆள் நடமாட்டம் அதிகம். ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணை வடநெம்மேலியில் இருக்கிறது. பார்க்க வேண்டிய இடம்தான், நாய் இல்லாத இன்னொரு நாளில்.

முதல் நல்ல நிறுத்தம் முதலியார்குப்பத்தை ஒட்டிய ஓதியூர்க் கழி. சாலை அதைக் கடந்து போகிறது. பாலத்தின்மேல் நிறுத்தாதீர்கள், வேகமாக வரும் பேருந்துக்காரர் நீங்கள் பூநாரை பார்ப்பதை அறியமாட்டார். பாலம் முடிந்ததும் இறங்கும் மண்பாதையில் நிறுத்துங்கள். தண்ணீர் வற்ற வற்றப் பூநாரைகள் வரும். கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, மேலலகு கீழே இருக்கும்படி அவை தண்ணீரை அரித்துத் தின்பதைத் தெளிவாகப் பார்க்கலாம். கூடவே கரண்டிவாயன்கள் வரிசையாக நின்று அலகை இப்படியும் அப்படியும் வீசிக்கொண்டு போகும். விராலடிப்பான் ஒன்று கழியில் நட்ட கம்பின்மேல் மீனைக் கிழித்துக்கொண்டிருக்கலாம்.

அடுத்தது மரக்காணம். உப்பளங்கள் சாலையை ஒட்டியே விரிகின்றன. அவற்றுக்கு அப்பால் கழுவேலி ஏரி. கழி வழியாகக் கடலோடு தொடர்புள்ள பெரிய சதுப்பு நிலம். 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அறிவிக்கப்பட்ட எல்லைக்குள் நாயோடு இறங்கக் கூடாது, இறங்கவும் தேவையில்லை. உப்பளப் பாத்திகளின் வரப்பில் நெடுங்கால் உள்ளானும் சின்ன உப்புக்கொத்திகளும் சாலைக்கு மிக அருகிலேயே மேயும். பாத்தியில் வேலை செய்கிறவர்கள் விடியும் முன்பே வந்துவிடுவார்கள். வண்டியை அவர்கள் லாரி வரும் பாதையில் நிறுத்தாமல், “அண்ணே, இங்க கொஞ்ச நேரம் நிறுத்திக்கலாமா?” என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் எந்தப் பாத்தியில் நேற்றுப் பறவை அதிகம் என்பதையும் அவர்களே சொல்லிவிடுவார்கள்.

புதுச்சேரியில் ஒரு நாள் தங்கலாம். நாயை ஏற்கும் விடுதிகள் இந்தக் கடற்கரையிலேயே அங்கும் ஆரோவில் பக்கமும்தான் அதிகம்.

கடலூர் தாண்டிச் சிதம்பரம் போகும்போது பிச்சாவரத்தை விட்டுவிடுங்கள் என்றேன். கழிமுகக் காடுகளை ஒட்டி நாயை நடத்திப்போகவும் நான் சொல்லமாட்டேன். அங்கே வளரும் தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். கிளையை ஒடித்து விளையாடுவது நாயின் குணம். ஒருவேளை பட்டுவிட்டால் நல்ல தண்ணீரால் நெடுநேரம் கழுவிக்கொண்டே மருத்துவரிடம் ஓடுங்கள்.

தரங்கம்பாடி, காரைக்கால், நாகப்பட்டினம் வழியில் பறவையைவிட ஆற்றுமுகங்களைப் பாருங்கள். காவிரியின் கிளைகள் ஒவ்வொன்றாகக் கடலில் சேரும் இடம் இது. பாலத்தருகே விடியற்காலையில் நின்றால் நீர்நாய்க் குடும்பம் கரையேறுவதைக் காணும் வாய்ப்பு உண்டு. இங்கே உங்கள் நாய் மூக்கை உயர்த்தி விறைத்தால் அதன் பார்வை போகும் திசையில் இருநோக்கியைத் திருப்புங்கள். நாயோடு போவதில் இருக்கும் ஒரே காட்டுயிர் லாபம் இது என்று நினைக்கிறேன். உங்கள் கண்ணுக்கு எட்டாதது அதன் மூக்குக்கு எட்டும்.

வேதாரண்யம்தான் இந்தப் பயணத்தின் உச்சம். ஊரைத் தாண்டி அகத்தியம்பள்ளிப் பக்கம் போனால் இருபுறமும் உப்பளம். ராஜாஜி 1930இல் உப்பெடுத்த இடம். சாலை மேடு, இரண்டு பக்கமும் தட்டையான தண்ணீர், ஒரு மரம்கூடப் பார்வையை மறைக்காது. கூழைக்கடா, பூநாரை, ஆலாக் கூட்டங்கள், ஊசிவால் வாத்துகள். காற்று வீசும் நாளில் உப்புத்தூள் கண்ணில் விழும். நாயின் கண்ணைச் சாயங்காலம் நல்ல தண்ணீரில் துடைத்துவிடுங்கள். கோடியக்காட்டு வனச் சோதனைச் சாவடிக்கு முன்பே திரும்பிவிட வேண்டும். அப்பால் இருப்பது 1967இல் அறிவிக்கப்பட்ட சரணாலயம், வெளிமானின் இடம். வெளிமான் வேகத்தை நம்பிப் பிழைக்கும் மிருகம், ஆனால் அதன் குட்டி புல்லில் அசையாமல் படுத்துத்தான் பிழைக்கிறது. நாயின் மூக்கிடம் அந்த உத்தி பலிக்காது. ஊர் நாய்களால் அங்கே மான்கள் சாகின்றன என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. உங்கள் நாய் கட்டுப்பட்டதே என்றாலும் அதன் வாசனை அங்கே வேண்டாம்.

முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம் தாண்டினால் பாக் விரிகுடா. அலை குறைந்த, ஆழமில்லாத கடல். மனோராக் கோட்டைக்கு முன்னால் உள்ள கடலில்தான் கடல்பசுக்கள் மேய்கின்றன. 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022இல் அவற்றின் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கரையிலிருந்து அவை கண்ணில் படும் என்று நம்பி நிற்காதீர்கள். கரையில் ஒதுங்கிக் கிடக்கும் நாடா போன்ற கடற்புல்லைப் பாருங்கள். அதுதான் அவற்றின் சாப்பாடு. அங்கிருந்து ராமநாதபுரம் வரை நீண்ட வெறிச்சாலை. நண்பகல் ஓட்டத்துக்கு ஏற்றது.

தனுஷ்கோடி சாலை 2017இல் அரிச்சல்முனை வரை திறக்கப்பட்டது. இருபக்கமும் கடல். ஊர்க்காரர்கள் ஒன்றை ஆண்கடல் என்றும் அமைதியானதைப் பெண்கடல் என்றும் சொல்வார்கள். கோதண்டராமர் கோயில் பக்கத்துக் கழியில் குளிர்காலத்தில் பூநாரைகள் இறங்குகின்றன. 2025இல் தனுஷ்கோடிப் பகுதி அவற்றுக்கான சரணாலயமாகவே அறிவிக்கப்பட்டது. ஆகவே இங்கே நாய் வண்டியை விட்டு இறங்கக் கூடாது, சிறுநீர் கழிக்கக்கூட. அதை ராமேஸ்வரத்திலேயே முடித்துக்கொண்டு வாருங்கள். மரமே இல்லை, நல்ல தண்ணீர் கிடைப்பது அரிது. விடியற்காலை முதல் வண்டியாகப் போய் ஒன்பதுக்குள் திரும்பிவிடுவது ஒன்றே வழி. சுற்றுலாப் பேருந்துகள் வந்தபின் அது வேறு ஊர்.

ஆமைக் காலத்தில் இரவுக் கடற்கரை

ஜனவரி முதல் ஏப்ரல் வரை, இருட்டிய பிறகு, எந்தக் கடற்கரைக்கும் நாயைக் கொண்டுபோக வேண்டாம். கயிற்றில் பிடித்திருந்தாலும் வேண்டாம்.

பங்குனி ஆமை இரவில்தான் கரையேறும். அலை எட்டாத காய்ந்த மணலில் குழி தோண்டி, நூறு முட்டைக்குமேல் இட்டு, மூடிவிட்டுப் போய்விடும். தோண்டத் தொடங்கும் முன் சின்ன அசைவோ வெளிச்சமோ பட்டால் முட்டையிடாமலே கடலுக்குத் திரும்பிவிடும். முட்டை பொரிய 45 முதல் 50 நாள், சில சமயம் அதற்கு மேலும் ஆகலாம். அதுவரை அந்தக் குழிக்குக் காவல் கிடையாது. நாய்க்கு அதன் வாசனை தெரியும். சென்னையில் மாணவர்கள் 1988 முதல் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பொரிப்பகத்தில் புதைக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரு காரணம் நாய்கள். நாகப்பட்டினக் கடற்கரையிலும் வனத்துறைப் பொரிப்பகங்கள் உண்டு. ஆமையைப் பார்க்க ஆசை என்றால் நாயை நம்பகமான ஒருவரிடம் விட்டுவிட்டுச் சென்னையில் அவர்களோடு ஓர் இரவு நடக்கலாம்.

பகலில் நடத்தும்போது ஈர மணலிலேயே நடத்துங்கள். முட்டை அங்கே இருக்காது, பாதமும் சுடாது. அடம்புக்கொடி படர்ந்த மேட்டு மணலில் ஏற வேண்டாம். அங்கே இராவணன் மீசைப் புல்லின் முனை ஊசியாகப் பாதத்தில் ஏறும்; விரலிடுக்கில் ஒடிந்து தங்கினால் இரண்டாம் நாள் சீழ் வைக்கும். புதருக்குள் விரியனும் இருக்கலாம்.

செத்து ஒதுங்கிய ஆமை கண்ணில் படும், சில ஆண்டுகளில் நிறையவே படும். நாயை இழுத்துக்கொண்டு விலகுங்கள், பக்கத்து வனத்துறை அலுவலகத்துக்குச் சொல்லுங்கள்.

மணலில் கிடப்பவை

மீன் இறங்கும் கரையில் வலையிலிருந்து உதறி எறிந்தவைதான் நாய்க்குப் பெரிய ஆபத்து. முதலில் பேத்தை மீன். உருண்டையாக, முள்முள்ளாக, உப்பிச் செத்துக் கிடக்கும். அதன் ஈரலிலும் தோலிலும் உள்ள நஞ்சுக்கு மாற்று மருந்து கிடையாது. ஒரு கடி போதும். வாயில் எச்சில் ஊறி, கால் தள்ளாடினால் காரணம் யோசித்துக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு வண்டியை எடுங்கள். கெளுத்தியின் துடுப்புமுள் பாதத்தில் ஏறினால் பின்னோக்கிய பல்லால் பிடித்துக்கொள்ளும். திருக்கை வால், சொறிமீன், தூண்டில் முள், உயிர் போகாத கடல் பாம்பு எல்லாம் அதே வரிசையில் கிடக்கும். கடற்கரையில் நடக்கும்போது மட்டும் வாய்க்கூடை போடுவதில் வெட்கமில்லை. கூண்டு போன்ற, மூச்சு வாங்க இடம் விடும் வகைதான் வேண்டும். வாயைக் கட்டும் துணிவகை வெயிலில் நாயைக் கொன்றுவிடும்.

கடல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். முதலில் பேதி, அதிகமானால் வலிப்பு. கடற்கரைக்கு இறங்கும் முன்பே வயிறு நிறைய நல்ல தண்ணீர் கொடுத்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும்.

மனிதர்களுக்குச் சொந்தமானதும் மணலில் கிடக்கும். காயும் கருவாடு, பரப்பிய வலை, ஏற்றி வைத்த படகு. இவற்றின்மேல் நாய் காலைத் தூக்கினால் நீங்கள் கேட்கப்போகும் வசவுக்கு நீங்கள் உரியவரே. குப்பத்துக்குள் நுழையும் முன் கருவாடு காயப்போடும் அக்காவிடமோ வலை பின்னும் பெரியவரிடமோ கேளுங்கள். “கடிக்குமா?” என்று பதிலுக்குக் கேட்பார்கள். “தெரியாதவங்க தொட்டா பயப்படும்” என்பதே சரியான பதில்; “கடிக்காது” என்று சொன்னால் எல்லாப் பிள்ளைகளும் ஓடி வந்துவிடும்.

ஒவ்வொரு குப்பத்துக்கும் அதன் நாய்க் கூட்டம் உண்டு. உங்கள் பயணத்தின் அன்றாடத் தலைவலி முதலையும் பாம்பும் அல்ல, இதுதான். விடியற்காலையில் அவை மிகவும் உஷார். இறங்கும் முன் காருக்குள்ளிருந்தே ஐந்து நிமிடம் பாருங்கள். மூன்றுக்கு மேல் கூடினால் வேறு இடம் தேடுங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால் ஓடாமல், கத்தாமல், உங்கள் நாயைக் காலோடு ஒட்டி வைத்துக்கொண்டு வந்த வழியே நடங்கள். ஒரு குடை கைவசம் இருந்தால் சட்டென விரிப்பது நன்றாக வேலை செய்யும். உங்களுக்குக் கடி பட்டால் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு அன்றே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். சின்னக் கீறல் என்று தள்ளிப்போட வேண்டாம்.

வெயிலும் வைத்தியமும்

புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வையுங்கள். உங்களால் முடியாவிட்டால் நாயாலும் முடியாது. பத்தரைக்கு அறைக்குள் போய்விட்டு நாலரைக்கு வெளியே வருவது நல்ல கணக்கு, அல்லது அந்த நேரத்தைக் குளிரூட்டிய வண்டியில் ஓட்டத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

நாயின் இயல்பான உடம்புச் சூடு 101 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம்மைவிட அதிகம், எனவே தொட்டுப் பார்த்துக் காய்ச்சல் என்று பயப்பட வேண்டாம். நிற்காத மூச்சிரைப்பு, செங்கல் நிறத்தில் ஈறு, தள்ளாட்டம் இவைதான் வெப்பத்தாக்கின் அடையாளம். நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி, விசிறிக்கொண்டே இருங்கள். ஈரத்துண்டால் போர்த்தி மூடிவிடாதீர்கள். சூடு உள்ளேயே தங்கிவிடும்.

எங்கே ஓடுவது என்பதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி. புதுச்சேரியில் குரும்பாப்பேட்டில் உள்ள அரசு கால்நடைக் கல்லூரி. வேதாரண்யம், பட்டுக்கோட்டைப் பக்கம் இருந்தால் ஒரத்தநாட்டுக் கால்நடை மருத்துவக் கல்லூரி. ராமநாதபுரம் மாவட்டக் கரையில் அந்த அளவு பெரிய மருத்துவமனை கிடையாது, எனவே அங்கே நாயைக் குறைவாக இறக்குங்கள், வாய்க்கூடையைக் கட்டாயம் போடுங்கள். அரசின் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண். அவர்கள் பெரும்பாலும் மாட்டுக்காக வருகிறவர்கள் என்றாலும் பக்கத்து மருத்துவர் யார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

தங்கலும் சாப்பாடும்

கோயில் ஊர் விடுதிகளில் நாயைச் சேர்ப்பது அரிது. ராமேஸ்வரத்துக்குப் பதில் மண்டபத்திலோ ராமநாதபுரத்திலோ தேடுங்கள். இணையத்தில் பதிவு செய்தாலும் தொலைபேசியில் பேசி, எவ்வளவு பெரிய நாய் என்பதை உள்ளபடி சொல்லிவிடுங்கள். தரைத்தள அறை கேளுங்கள். சொந்தப் போர்வையை விரித்து அதில் படுக்க வைத்தால் அடுத்து வருகிற நாய்க்காரருக்கும் அந்த அறை கிடைக்கும்.

கடற்கரையில் வண்டியை நிறுத்தித் தூங்கலாம் என்ற எண்ணம் வேண்டாம். பாக் விரிகுடாக் கரை முழுதும் இலங்கைக்கு எதிர்க்கரை. கடத்தலைத் தேடிக் கடலோரக் காவல் படையினர் இரவில் சுற்றுவார்கள். மணலில் தனியாக நிற்கும் வெளியூர் காரைக் கேள்வி கேட்காமல் விடமாட்டார்கள், விடவும் கூடாது. நாய் இருக்கிறதே என்ற தைரியத்தில் தனியிடத்தில் தங்குவது பெண்களுக்கு மட்டுமல்ல, யாருக்கும் நல்லதில்லை. நாய் எச்சரிக்கும், அவ்வளவுதான்.

சாப்பாட்டுக்கு இட்லியும் அவித்த முட்டையும் எந்த ஊரிலும் கிடைக்கும். தயிர்சாதம் தாளிக்காமல் கேளுங்கள். சாம்பார் ஊற்றியது, வெங்காயம் பூண்டு சேர்ந்தது, பிரியாணிக் கடை எலும்பு, பொரித்த மீன் முள் வேண்டாம். பழகிய உலர்தீனி நான்கு நாளைக்கு எடுத்துக்கொண்டு, கூட இட்லி சேர்த்தால் வயிறு கெடாது.

திரும்பும்போது

வந்த வழியே திரும்பத் தேவையில்லை. ராமநாதபுரத்திலிருந்து மதுரை போய் நான்குவழிச் சாலையில் சென்னை வந்துவிடலாம். நாய் தூங்கிக்கொண்டே வரும். வீட்டுக்கு வந்ததும் வண்டியின் அடிப்பாகத்தை உப்புப் போக நல்ல தண்ணீரால் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். நாயைக் குளிப்பாட்டிக் காது மடிப்பு, விரலிடுக்கு, வாலடி ஆகிய இடங்களில் உண்ணி தேடுங்கள். உண்ணிக் காய்ச்சல் உடனே தெரியாது. அடுத்த மூன்று வாரத்துக்குள் சாப்பாட்டில் ஆர்வம் குறைந்தாலோ, ஈறு வெளுத்தாலோ, மூக்கில் ரத்தம் கசிந்தாலோ ரத்தப் பரிசோதனைக்குக் கொண்டுபோங்கள். எந்தெந்த ஊரில் புதருக்குள் நடந்தது என்று மருத்துவரிடம் சொல்ல வேண்டியிருக்கும். பறவைக் குறிப்பேட்டிலேயே அதையும் தேதியோடு எழுதி வையுங்கள்.